அடியிலே கொஞ்சம் கறை

சென்ற கிழமை கௌசி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கந்தோரில், நான் வேலை செய்த அரச அலுவலகத்தில், தேநீர் ஊற்றும் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளை அவள்.

“யோகமக்கா, அலுமாரிக்குள்ளை கிடந்த வெள்ளைக் கோப்பையளை வெளியிலை எடுத்தனான். எல்லாம் உள்ளுக்குள்ளை பழுப்பு. தேய்ச்சுத் தேய்ச்சுக் கை நோகுது. என்ன போட்டால் போகும்?”

“ஏன் பிள்ளை, கடதாசிக் கப் எல்லாம் முடிஞ்சு போச்சோ?”

“புதுசா வந்த சேர் கடதாசியிலை குடிக்க மாட்டாராம். கோப்பையிலைதான் வேணுமாம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நான் கடைசியாகக் கழுவி அடுக்கியபோது அந்தக் கோப்பைகளில் ஒரு புள்ளி கறை இல்லை. எனக்குப் பிறகு யாரோ குடித்துவிட்டு அலசாமல் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். சரி, இனி யாரைத் திட்டி என்ன பயன்? செய்யவேண்டியதைச் சொல்லிக் கொடுத்தேன். தேங்காய்த் தும்பு போடாதே, கம்பித் தும்பு கையிலும் எடுக்காதே. அது பீங்கானைக் கீறும், கீறின இடத்தில் அடுத்த நாள் கறை இரண்டு மடங்காய்ப் போய் உட்காரும். அப்பச்சோடாவில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் களி போலக் குழைத்து, கறையில் பூசிக் கொஞ்ச நேரம் விடு. பிறகு மெல்லிய ஈரத்துணியால் வட்டமாகத் தேய். அப்பச்சோடா இல்லாவிட்டால் உப்புத்தூளும் புளிப்பான தேசிக்காய்ப் பாதியும் போதும். கேத்திலின் அடியில் சுண்ணாம்பு படிந்திருந்தால் பழப்புளி கரைத்து ஊற்றிக் கொதிக்க வை.

“கறை வராமலே இருக்க ஒரு வழியும் இல்லையோ அக்கா?” என்று கேட்டாள்.

“குடிச்ச உடனை தண்ணி விடோணும் பிள்ளை. காய விட்டால் பிறகு உன்ரை பாடு, அதின்ரை பாடு” என்றேன். கௌசி சிரித்துக்கொண்டே தொலைபேசியை வைத்தாள். எனக்கு அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. அந்த வெள்ளைக் கோப்பைகளைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் நினைத்தேன்.

கந்தோரின் பெயரை எழுதப் போவதில்லை. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் இருந்தது என்பது போதும். கணவர் போன பிறகு, இரண்டு பிள்ளைகளோடு நான் தவித்துக்கொண்டிருந்த காலத்தில் அங்கே சிற்றூழியராக எடுத்தார்கள். தற்காலிக வேலை. கூட்டுவது, கோவை என்கிற கடதாசிக் கட்டுகளை மேசைக்கு மேசை கொண்டுபோய்க் கொடுப்பது, காலையும் பின்னேரமும் தேநீர் ஊற்றுவது. இடப்பெயர்வுகளில் கந்தோர் இடம் மாறியபோதெல்லாம் மற்றவர்கள் கோவைகளைக் கட்டினார்கள். நான் கோப்பைகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனேன். ஒன்றுகூட உடையவில்லை. வேலையும் நிரந்தரமாகவில்லை, அது வேறு கதை.

வேலை பழக்கியவர் எங்கள் பிரதம இலிகிதர், எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர். ஐயா என்றுதான் எல்லோரும் சொல்வோம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு, சட்டைப்பையில் மடிப்புக் கலையாத வெள்ளைக் கைலேஞ்சி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முதல் நாள் நான் கொண்டுபோன கோப்பையை வாங்கி, தேநீரை யன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டு, வெறும் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு லேஞ்சியைச் சுட்டுவிரலில் சுற்றி உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினார். லேஞ்சியில் மண்ணிறமாய் ஒரு கோடு.

“யோகம், உது முந்தநாள் குடிச்ச ஆளின்ரை மிச்சம். நான் ஏன் குடிக்கோணும்?” என்று கேட்டார்.

அன்றைக்குத் தேநீர் போடும் குசினிக்குள் நின்று அழுதேன். பின்னேரம் அவரே குசினிக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக் கோப்பை கழுவிக் காட்டினார். பிரதம இலிகிதர் கோப்பை கழுவி யாராவது கண்டிருப்பார்களா? எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து ஊறுவது. அந்தத் தண்ணீரில் தேயிலைச் சாயம் ஊற்றினால் மேலே எண்ணெய் போல ஒரு படலம் மிதக்கும். அந்தப் படலம்தான் கோப்பையில் ஒட்டிக் கறையாகிறது என்று விளங்கப்படுத்தினார். மழைக்காலத்தில் கூரைப் பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்துத் தேநீருக்கு மட்டும் எடுக்கச் சொன்னார். பால் விடாத வெறும் தேநீருக்கு நாலு துளி தேசிக்காய் விட்டால் படலம் குறையும் என்றார். கழுவிய கோப்பையைக் கவிழ்த்து ஈரத்தோடு விடாமல் துணியால் துடைத்தே அடுக்க வேண்டும் என்றார். எல்லாம் நான் பிறகு ஆயுள் முழுக்கச் செய்தவை. எனக்குத் தெரிந்த வேலை அவர் தந்த வேலை. அதை எங்கேயும் மறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குக் கனகாலம் விளங்கவில்லை. அந்த வேலைக்கு என்னைவிட இளையவர்கள், படித்தவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். என்னை எடுத்தது என் கஷ்டத்துக்கு இரங்கித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க அங்கே யாருக்கும் தடை இல்லை, அதுவும் ஒரு காரணம் என்பது சாந்தினி வந்த பிறகுதான் புரிந்தது.

சண்டை ஓய்ந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. பரீட்சை எழுதிச் சித்தியடைந்து புதிய இலிகிதராக வந்தாள் சாந்தினி. இருபத்தைந்து வயது இருக்கும். முதல் நாளே குசினிக்கு வந்து, “நான் சாந்தினி அக்கா. எனக்குச் சீனி கொஞ்சம் கூடப் போடுங்கோ” என்றாள். அந்தக் கந்தோரில் குசினிக்குள் வந்து தன் பெயர் சொன்ன முதல் ஆள் அவள்தான். எனக்குப் பிடித்துப்போயிற்று.

அன்று காலைத் தேநீரோடு நான் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் ஐயா அவளிடம் கதைத்தார். மிகவும் மரியாதையாகத்தான்.

“பிள்ளைக்கு ஊர் எவடம்?”

அவள் ஊரைச் சொன்னாள்.

“ஓ, நல்ல இடம். அதிலை எந்தப் பக்கம்?”

அதையும் சொன்னாள்.

“கோயிலுக்கு இங்காலையோ, அங்காலையோ?”

“அங்காலை ஐயா. குளத்தடிப் பக்கம்.”

“ஆ, சரி சரி” என்றார். எங்கள் பக்கத்தில் இந்த மூன்று கேள்விக்குப் பிறகு நாலாவது கேள்வி தேவையில்லை. மண்டபத்தில் இருந்தவர்கள் தலை நிமிராமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாந்தினி மட்டும் தேநீரை ஊதி ஊதிக் குடித்தாள்.

அடுத்த நாள் காலை ஐயா என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார்.

“யோகம், கோப்பையளிலை ஒண்டுக்குக் கொஞ்சம் கறை இருக்கட்டும்.”

காது பிழையாகக் கேட்டுவிட்டதோ என்று நினைத்தேன். “விளங்கேல்லை ஐயா” என்றேன்.

“வேறை கோப்பை வைக்கிறது பிழை. அந்தப் பிள்ளையின்ரை மனம் நோகும். சட்டமும் விடாது. வெளியிலை எல்லாம் ஒரே மாதிரி இருக்கோணும். உள்ளுக்கை, அடியிலை கொஞ்சம். எடுத்துக் குடுக்கிற உமக்குத் தெரிஞ்சால் போதும். மற்ற ஆக்களின்ரை மனமும் ஆறும்.”

அதைச் சொல்லும்போதும் அவர் குரல் உயரவில்லை. என் நிரந்தர நியமனத்துக்கான கோவை அவர் மேசையில்தான் அந்த மாதம் கிடந்தது. அவருடைய சிபாரிசு இல்லாமல் அது மேலே போகாது. மகளுக்கு அந்த வருடம்தான் பரீட்சை. நான் “ஓமையா” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன்.

போய் எல்லாக் கோப்பையையும் தேய்த்தேன். வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தேன். வீரம் என்று நினைக்க வேண்டாம். மேசையில் கிடந்த என் கோவையை நினைக்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை சீனி கூடப் போடச் சொன்ன முகம் கண்ணுக்குள் நின்றது. கறையோடு ஒரு கோப்பையை அவளுக்கு முன்னால் வைக்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

தட்டத்தைக் கொண்டுபோனபோது ஐயா ஒவ்வொரு கோப்பையாகப் பார்த்தார். தேநீர் ஊற்றாமல் வெறும் கோப்பைகளை முதலில் காட்டிவிட்டுப் பிறகு ஊற்றுவது எங்கள் வழக்கம். இத்தனை காலமும் கறை இருக்கிறதா என்று பார்த்த மனிதர் அன்று கறை எங்கே என்று தேடினார்.

“மறந்திட்டீர் போலை” என்றார்.

“ஓமையா. நீங்கள் பழக்கின கை. விட்டு வைக்கத் தெரியேல்லை.”

கையிலிருந்த கோப்பையைத் தட்டத்தில் திருப்பி வைத்தார். சுத்தமாய்க் கழுவியதற்கு ஒருத்தியை எப்படி ஏசுவது? அன்று அவர் தேநீர் குடிக்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று பேரும் குடிக்கவில்லை. கோப்பைகள் மேசையில் அப்படியே ஆறிக் கிடந்தன. பாலாடை படிந்த தேநீரைக் குசினித் தொட்டியில் ஊற்றினேன். அடுத்த நாளும் அப்படி, அதற்கு அடுத்த நாளும் அப்படி. பிறகு தேநீர் இல்லாமல் அவர்களுக்குத் தலை இடித்தது. ஒவ்வொருவராகக் குடிக்கத் தொடங்கினார்கள். ஐயாதான் கடைசி. அவரும் ஒரு நாள் பேசாமல் கோப்பையை எடுத்து வாயில் வைத்தார். இனிப் பிரச்சினை இல்லை என்று நம்பினேன். எந்தக் கோப்பை யாருடையது என்று எனக்கே தெரியாது. அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். இப்போது நினைத்தால் என் அறியாமையை எண்ணிச் சிரிக்கத் தோன்றுகிறது.

அந்த மாரியில் எனக்குக் கடும் காய்ச்சல் பிடித்தது. கிழமைக் கணக்கில் எழும்ப முடியவில்லை. எனக்குப் பதிலாகக் காவலாளி தேநீர் ஊற்றினார். அவர் ஐயா சொன்னதைச் செய்கிறவர். அவரை நான் குறை சொல்லவில்லை, சொன்னவரைத்தான் சொல்கிறேன்.

திரும்பி வேலைக்கு வந்த அன்று குசினிக்குள் போனதும் முதலில் கோப்பைகளைத்தான் பார்த்தேன். எல்லாம் ஓரளவுக்குக் கழுவியிருந்தன. ஒன்று மட்டும் அடுக்குத் தட்டின் ஒரு கரையில் தள்ளி இருந்தது. வெளியே பளிச்சென்று வெள்ளை. உள்ளே அடியில் மண்ணிறமாய் ஒரு வட்டம், நாள் கணக்காய் இறுகிய வட்டம். அதை அப்பச்சோடா பூசி ஊறவைத்து, தேய்த்து, திரும்பவும் பூசித் தேய்த்துக் கழற்றினேன். கழுவித் துடைத்து மற்றக் கோப்பைகளுக்கு நடுவில் கலந்து வைத்தேன்.

தேநீரோடு மண்டபத்துக்குப் போனேன். சாந்தினி தன் கோப்பையை எடுத்துக் குடித்தாள். வழக்கம்போல ஊதிக் குடிக்கவில்லை, ஒரே மூச்சில் குடித்தாள். குடித்து முடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இண்டைக்குக் கறையைக் காணேல்லை. மறந்திட்டியளோ அக்கா?”

உரக்கவும் சொல்லவில்லை, மெல்லவும் சொல்லவில்லை. மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. ஐயா கோவையில் ஒரு தாளைப் புரட்டினார்.  அதே சொல்லை அவர் என்னிடம் கேட்டபோது பதில் சொன்ன வாய், அவள் கேட்டபோது திறக்கவில்லை.

பின்னேரம் கந்தோர் விட்டதும் அவளுக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன். சாவகச்சேரிச் சந்தைக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றாள். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன்.

“பிள்ளை, நான் வைக்கேல்லை. என்ரை பிள்ளையள் சத்தியமா நான் வைக்கேல்லை. நான் காய்ச்சலா கிடந்தனான்.”

“தெரியும் அக்கா” என்றாள். “நீங்கள் நிண்ட நாளிலை ஒருநாளும் கறை இருக்கேல்லை. நான் பாத்தனான்தானே.”

“பிறகேன் பிள்ளை எல்லாற்றை முன்னாலையும் அப்பிடிக் கேட்டனீங்கள்?”

“அவைக்குக் கேக்கட்டும் எண்டுதான். உங்களை நோகடிச்சிருந்தால் குறை நினைக்காதேங்கோ.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “ஆர் வைச்சால் என்ன அக்கா? அதிலை குடிச்சது நான்தானே.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். சந்தைக்கு முன்னால் நின்று நான் அழுததை எத்தனை பேர் பார்த்தார்களோ தெரியாது.

அதற்குப் பிறகு அவள் கந்தோரில் தேநீர் குடிக்கவில்லை. தட்டத்தை நீட்டினால், “வேண்டாம் அக்கா, வயித்துக்கு ஒத்துவராது” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஒவ்வொரு நாளும் அவளுக்கென்று ஒரு கோப்பையை நானும் தட்டத்தில் வைத்தேன். வெறும் கோப்பையாகத் திரும்பி வரும், அதையும் கழுவித் துடைத்து வைப்பேன். சில மாதத்தில் தானே கேட்டு வன்னிக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவு தூரத்துக்கு யாரும் கேட்டு வாங்கிப் போவதில்லை. மாறிப் போகிறவர்களுக்குக் கேக் வெட்டித் தேநீர் கொடுப்பது எங்கள் கந்தோர் வழக்கம். தனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். யாரும் வற்புறுத்தவும் இல்லை.

எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. ஐயாதான் எழுதிக் கொடுத்தார். தன்னுடைய பிரியாவிடைக் கூட்டத்தில் எழுந்து நின்று, “இந்தக் கந்தோரிலை யோகம் கழுவின கோப்பையிலை ஒருநாளும் நான் கறை கண்டதில்லை” என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அழுதேன். நன்றியில் அழுகிறேன் என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்தார், அந்த வெள்ளை லேஞ்சியால். கெட்ட மனிதர் என்று ஒரே சொல்லில் அவரைத் தள்ளிவிட்டால் எனக்கு நிம்மதி. அப்படித் தள்ள முடியவில்லை. என் பிள்ளைகள் சாப்பிட்டது அவர் போட்ட கையெழுத்தில். அதை நினைக்கும்போதுதான் இன்னும் வேதனை கூடுகிறது.

நான் ஓய்வு பெற்ற பிறகு, கொஞ்ச நாளுக்கு முன்னால், சந்தைப் பக்கத்து மின்கம்பத்தில் ஒரு மரண அறிவித்தலைப் பார்த்தேன். சாந்தினியின் தாய். செத்தவீட்டுக்குக் கந்தோர் ஆட்கள் வான் பிடித்துப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் அவர்களோடு போகவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு தனியாகப் பஸ் எடுத்துப் போய், கோயிலைத் தாண்டிக் குளத்தடிக்கு நடந்தேன்.

சின்ன வீடு, பாதிச் சுவருக்குப் பூச்சு இல்லை. முன்னறையில் தாயின் படத்துக்கு விளக்கு எரிந்தது. படத்துக்கு நேர் எதிரே ஒரு கண்ணாடி அலுமாரி. சாந்தினி என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். தலையில் அங்கங்கே நரை. கதிரையில் இருத்திவிட்டு, மூலையில் அடுக்கியிருந்த பெட்டியிலிருந்து ஒரு சோடாவை எடுத்து வந்து, என் கண்முன்னே மூடியை உடைத்தாள்.

“உங்கடை கந்தோர் ஆக்கள் எல்லாரும் வந்தவை அக்கா. தேத்தண்ணி போட்டனாங்கள். வெயிலெண்டு சோடாதான் கேட்டவை.”

எங்கள் பக்கத்தில் யாருக்கு இது தெரியாது? ஒரு வீட்டுக் கோப்பையில் குடிக்க மனமில்லாதவர்கள் மூடி உடைக்காத சோடாதான் கேட்பார்கள். வெயில் என்பார்கள், வெயில் இல்லாவிட்டால் தொண்டை கட்டிப்போச்சு என்பார்கள். நான் கேட்கும் முன்பே எனக்கும் அதைக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டு நிற்கிறாள். 

“எனக்குச் சோடா வேண்டாம் பிள்ளை. தேத்தண்ணி தாங்கோ. சீனி கொஞ்சம் கூடப் போட்டு.”

சோடாப் போத்தலைப் பெட்டிக்கு மேலே வைத்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். திரும்பி வந்து கண்ணாடி அலுமாரியைத் திறந்தாள். உள்ளே பூப்போட்ட பீங்கான் கோப்பைகள், தட்டுகளோடு வரிசையாக இருந்தன.

“அம்மா வாங்கி வைச்சது. எனக்கு வேலை கிடைச்ச கிழமை. கந்தோர் ஆக்கள் வீட்டை வருவினம், தகரப் பேணியிலை குடுக்கேலாது எண்டு சொல்லி வாங்கினவ. கிழமைக்கு ஒருக்கால் எடுத்துத் தூசி தட்டுவா. ஒருத்தரும் வரேல்லை. இப்ப வந்தவை, அவ இல்லை. வந்தும் குடிக்கேல்லை.”

ஒரு கோப்பையை வாங்கி, பழக்கத்தில் வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தேன். தேய்த்துத் தேய்த்துச் சுத்தமான கோப்பையில் மயிர்க் கோடுகள் இருக்கும், பளபளப்பு மங்கியிருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். இதில் ஒரு கோடும் இல்லை. கடையிலிருந்து வந்த அதே மினுக்கம். கறை வராமலே இருக்க வழி இல்லையோ என்று கௌசி பிறகு கேட்டபோது இந்தக் கோப்பைதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு இதைச் சொல்லவில்லை.

இஞ்சி தட்டிப் போட்ட வெறும் தேநீர். தனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“வயித்துக்கு ஒத்துவராது எண்டனீங்கள்?” என்றேன்.

“அது உங்கடை கந்தோர்த் தேத்தண்ணி அக்கா” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அவள் அழுதாள். நானும் அழுதேன். தாயைப் பற்றிக் கதைத்தாள், வன்னிக் கந்தோரைப் பற்றிக் கதைத்தாள். அங்கேயும் ஊர் எவடம் என்று கேட்டார்களாம்.

வெளிக்கிடும் நேரம் வந்ததும் என் கை தானாகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பியது.

“விடுங்கோ அக்கா” என்று சாந்தினி அதை வாங்கினாள். உள்ளே பார்த்தாள். அடியில் சாயம் கொஞ்சம், அதைச் சுற்றி மண்ணிறமாய் ஒரு வட்டம், காயத் தொடங்கியிருந்தது. அவள் அடுப்படிக்குப் போகவில்லை. அலுமாரியைத் திறந்து, மற்றக் கோப்பைகளை ஒதுக்கி, தாயின் படத்துக்கு நேராக முன் வரிசையில் அதை அப்படியே வைத்தாள்.

“அம்மா பாக்கட்டும்” என்றாள்.

பால் விடாத தேநீர், அதுவும் கிணற்றுத் தண்ணீர். பொழுதுபட முன்னர் இறுகிவிடும். உடனே தண்ணீர் விட வேண்டும் என்று சொல்ல வாய்வரை வந்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.